நார்ஃபோக்கிலிருந்து மயாமிக்கு உள்நீர்வழியில்: முதல்முறை கிளம்பும் தம்பிக்கு

வர்ஜீனியாவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 34 அடிப் பாய்மரப் படகு. கீல், அதாவது படகின் அடியில் நீளும் தகடு, தண்ணீருக்குக் கீழே நாலே முக்கால் அடி. பாய்மர உச்சி நீர்மட்டத்திலிருந்து 48 அடி. செசபீக் விரிகுடாவைத் தாண்டி இதுவரை போனதில்லை. இந்த இலையுதிர் காலத்தில் அவரும் மனைவியும் மட்டும் இன்ட்ராகோஸ்டல் நீர்வழியாக மயாமி வரை இறங்க நினைக்கிறார்கள். எங்கே நங்கூரம் போடுவது, எங்கே மெரினாவில் (கூலி கொடுத்துப் படகு கட்டும் துறையில்) கட்டுவது, எதற்குப் பயப்படுவது என்பது கேள்வி.

தாராளமாகப் போகலாம் தம்பி. உங்கள் படகு இந்த வழிக்கென்றே அளவெடுத்ததுபோல இருக்கிறது. நானும் மனைவியும் ஏறக்குறைய இதே அளவுப் படகில் ஐந்து முறை தெற்கே இறங்கியிருக்கிறோம். அதில் கற்றதையெல்லாம் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது ஒரே கால்வாய் இல்லை. பக்கிங்காம் கால்வாயைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும்: கடலுக்கு இணையாக, கடலுக்குள் இறங்காமல், ஆறுகளையும் காயல்களையும் வெட்டுவாய்க்கால்களால் கோத்துக்கொண்டு போகிற வழி. நார்ஃபோக்கில் எலிசபெத் ஆற்றில், கடற்படை மருத்துவமனைக்கு எதிரே இருக்கும் 36-ஆம் எண் சிவப்பு மிதவைதான் மைல் 0. அங்கிருந்து மயாமி ஏறக்குறைய 1,090 மைல். இது தரை மைல், கடல் மைல் இல்லை. உங்கள் கருவி 6 நாட் (மணிக்கு ஆறு கடல் மைல்) காட்டினால் மணிக்கு ஏழு மைல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியைப் பராமரிப்பது அமெரிக்க ராணுவத்தின் பொறியாளர் பிரிவு. ஃபோர்ட் பியர்ஸ் வரை 12 அடியும், அதற்குத் தெற்கே மயாமி வரை 10 அடியும் ஆழம் இருக்க வேண்டும் என்பது ஏட்டில் உள்ள கணக்கு. தூர்வாரப் பணம் எப்போதும் போதுமான அளவு வருவதில்லை. அதனால் பல இடங்களில் முழு வற்றத்தில், அதாவது கடல்நீர் முழுதும் இறங்கியிருக்கும்போது, ஐந்தாறு அடிதான் கிடைக்கும். உங்கள் கீலுக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண்.

அதனால்தான் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வழியில் அலைக்குப் பயப்படுகிறவர்கள் அதிகம், உண்மையில் ஆளைப் பிடிப்பது சேறு. காலையில் எழுந்ததும் "இன்று எவ்வளவு தூரம் போகலாம்" என்று ஆரம்பிக்காதீர்கள். இன்றைய வழியில் மிக ஆழம் குறைந்த இடம் எது, அங்கே ஓதம் (கடல்நீரின் அன்றாட ஏற்ற இறக்கம்) எத்தனை மணிக்குப் பாதி ஏறியிருக்கும் என்று பாருங்கள். அந்த நேரத்துக்கு அங்கே போய்ச் சேரும்படி பின்னோக்கிக் கணக்குப் போட்டு நங்கூரத்தைத் தூக்குங்கள். பாதி ஏறிய ஓதத்தில் தட்டினால் கால் மணியில் தண்ணீரே உங்களைத் தூக்கிவிடும். முழு ஏற்றத்தில் தட்டினால் அடுத்த ஏற்றம் வரை அங்கேதான் குடியிருப்பு. முழு ஏற்றம்தான் பாதுகாப்பு என்று நினைத்து மாட்டிக்கொண்ட நல்ல மாலுமிகளைப் பார்த்திருக்கிறேன்.

நாள் விஷயம். சூறாவளிக் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. எந்தத் தேதிக்கு முன்னால் எந்த ஊருக்குத் தெற்கே போகக் கூடாது என்று பல காப்பீட்டு ஒப்பந்தங்களில் ஒரு வரி இருக்கும்; உங்களுடையதை எடுத்துப் படித்துவிடுங்கள். அக்டோபர் கடைசியில் கிளம்புவது எனக்குப் பிடித்த கணக்கு. நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பியதும் மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். இருட்டில் ஓட்டவே ஓட்டாதீர்கள். விளக்கில்லாத கம்பங்கள், மிதக்கும் மரக்கட்டைகள், நண்டுக்கூட்டுக் கயிறுகள், எதுவும் தெரியாது. ஆக ஒரு நாளைக்கு 45 மைல், ஆறரை மணி நேர எஞ்சின் ஓட்டம். ஓடும் நாட்கள் இருபத்து நான்கு. காற்றுக்காகக் காத்திருப்பது, பழுது, ஊர் பார்ப்பது எல்லாம் சேர்த்து ஆறு வாரம். மயாமியில் யாருக்காவது இன்ன தேதிக்கு வருகிறோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு மட்டும் கிளம்பாதீர்கள். நான் கண்ட விபத்துகளில் பாதி, எங்கோ யாரோ காத்திருக்கிறார்கள் என்பதற்காக மோசமான வானிலையில் நங்கூரம் தூக்கியதால் வந்தவை. அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது.

வழிக்குறிகளைப் படிக்கப் பழகுங்கள். தெற்கே போகும்போது சிவப்பு முக்கோணப் பலகை உங்கள் வலப்பக்கம், பச்சைச் சதுரப் பலகை இடப்பக்கம். பெரும்பாலும் இதுதான். ஆனால் வழி ஒரு பெரிய ஆற்றுக்குள் நுழைந்து கடல் பக்கமாகப் போகும் இடங்களில், உதாரணமாக கேப் ஃபியர் ஆற்றில், ஆற்றின் சொந்தக் குறிகள் தலைகீழாகிவிடும்: சிவப்பு இடப்பக்கம் வரும். அங்கே குழம்பாமல் இருக்கத்தான் பலகையில் ஒட்டிய சின்ன மஞ்சள் அடையாளம். மஞ்சள் முக்கோணம் தெற்கே போகிறவருக்கு எப்போதும் வலம், மஞ்சள் சதுரம் எப்போதும் இடம், பலகையின் நிறம் எதுவானாலும் சரி. இருவரும் இதை ஆளுக்கொரு காகிதத்தில் எழுதிச் சுக்கான் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். வரைபடத்தில் ஒரு மெஜந்தா நிறக் கோடு ஓடும். அது வழி இந்தப் பக்கமாகப் போகிறது என்ற தோராயக் குறிப்பு, அவ்வளவுதான். கோட்டின் மேலேயே படகை ஓட்டித் தரைதட்டியவர்கள் ஏராளம். பொறியாளர் பிரிவு எடுக்கும் ஆழ அளவீடுகளை அக்வா மேப் போன்ற செயலிகளில் படத்தின் மேல் விரித்துப் பார்க்கலாம். முகத்துவாரங்களுக்கு முந்தைய இரவு அதைப் பார்க்காமல் நான் தூங்கியதில்லை.

புறப்பாட்டுக்கு முந்தைய இரவு போர்ட்ஸ்மவுத் ஹாஸ்பிடல் பாயின்ட்டில் நங்கூரம் போடலாம், நல்ல பிடிமானம். மறுநாள் இரண்டு வழி பிரியும். ஒன்று டிஸ்மல் ஸ்வாம்ப் கால்வாய்: 1805-இல் திறந்தது, 22 மைல், தேயிலைக் கஷாய நிறத்தில் தண்ணீர், இரு முனையிலும் ஒரு லாக். லாக் என்றால் இரண்டு பக்கமும் கதவு போட்ட தொட்டி. உள்ளே கட்டிக்கொண்டு நின்றால் தண்ணீரை விட்டு எட்டடி தூக்குவார்கள், மறுமுனையில் இறக்குவார்கள். இன்னொன்று கிழக்கே, 1859-இல் முடிந்த அல்பெமார்ல்–செசபீக் கால்வாய். அதில் கிரேட் பிரிட்ஜ் என்ற இடத்தில் ஒரே லாக், ஓரிரு அடிதான் ஏற்றம். முதல்முறைக்கு நான் டிஸ்மலைச் சொல்வேன். காட்டுக்குள் ஒரு நேர்கோடு. இரண்டு பக்கமும் மரங்கள் குனிந்து நிற்கும். நடுவே நெடுஞ்சாலைப் பயணிகளுக்கும் படகுக்காரர்களுக்கும் பொதுவான ஓய்விடம் ஒன்று உண்டு, அங்கே படகோடு படகு கட்டி இரவு தங்கலாம். ஆனால் ஆழம் ஆறடிதான், அடியில் மரக்கட்டைகள் கிடக்கும், மெல்லப் போகணும். பச்சைப் பாசி படர்ந்திருந்தால் எஞ்சின் உறிஞ்சும் தண்ணீரின் வடிகட்டி அடைபடும். 2016-இல் மேத்யூ சூறாவளிக்குப் பிறகு இந்தக் கால்வாய் ஓராண்டுக்கு மேல் மூடியே கிடந்தது. ஆகவே திறந்திருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். எலிசபெத் சிட்டியில் ஊர்ப் படகுத்துறை இலவசம். புதிதாக வருபவர்களை அந்த ஊர்க்காரர்கள் வரவேற்கும் விதம் மனதில் நிற்கும்.

அங்கிருந்து அல்பெமார்ல் சவுண்ட். சவுண்ட் என்பது அகன்ற, ஆழம் குறைந்த காயல். வட கரோலினாவின் இந்தப் பகுதியில் நிலவின் ஓதம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. காற்றுதான் தண்ணீரைத் தள்ளி ஒரு கரையில் ஓரிரு அடி ஏற்றி, மறுகரையில் இறக்கும். ஆழம் குறைவென்பதால் 20 நாட் காற்றுக்கே அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். படகு ஏறி இறங்க இடமில்லாமல் முட்டி முட்டி நிற்கும். காலையில் அமைதியாக இருக்கும் நாளாகப் பார்த்துக் கடந்துவிடுங்கள், அவ்வளவுதான். அலிகேட்டர் ஆற்றின் தென்கோடியில் நங்கூரம் போட்டால் ராத்திரி நட்சத்திரங்களைத் தவிர வேறு வெளிச்சமே தெரியாது. அடுத்த நாள் பங்கோ ஆறு வரை இருபது மைலுக்கு மேல் நேர்க்கால்வாய். ஓரங்களில் அடிமரங்கள் இருக்கும், நடுவிலேயே போங்கள். பெல்ஹேவனிலும் ஓரியன்டலிலும் மெரினா உண்டு, டீசலும் தண்ணீரும் பிடித்துக்கொள்ளலாம். நியூஸ் ஆறு அல்பெமார்லைவிட மோசமாக இருக்கும் நாட்கள் உண்டு, வடகிழக்குக் காற்று ஆற்றின் நீளத்துக்கும் வீசும்போது. ஓரியன்டலில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கினாலும் நஷ்டமில்லை.

வட கரோலினாவிலும் தென் கரோலினாவிலும் ஒரே எழுத்தில் இரண்டு ஊர்கள். வடக்கில் இருப்பது 'போஃபர்ட்', தெற்கில் இருப்பது 'ப்யூஃபர்ட்'. வானொலியில் மாற்றிச் சொன்னால் உடனே திருத்துவார்கள்.

வடக்குப் போஃபர்ட்டில் முதன்முறையாகக் கடலின் ஓதம் உள்ளே வரும். இங்கிருந்துதான் நான் முதலில் சொன்ன கணக்கு ஆரம்பமாகிறது. நீர்வழி, தீவுகளுக்குப் பின்னால் ஓடுகிறது. தீவுகளுக்கு நடுவே முகத்துவாரங்கள். ஓதம் ஏறும்போது கடல் ஒவ்வொரு முகத்துவாரம் வழியாகவும் உள்ளே நுழைந்து வடக்கும் தெற்குமாகப் பிரியும். இரண்டு முகத்துவாரங்களுக்கு நடுவே எங்கோ ஓரிடத்தில் இரு நீரோட்டங்களும் சந்தித்து நிற்கும். நேரம் சரியாக அமைந்தால் ஒன்றிலிருந்து ஏறும் நீரோட்டத்தோடு போய், நடுவில் ஓதம் திரும்பியதும் அடுத்ததை நோக்கி வடியும் நீரோட்டத்தோடு இறங்கலாம். எப்போதும் அமையாது. அமையும் நாளில் படகுக்கு இறக்கை முளைத்ததுபோல இருக்கும்.

அதே முகத்துவாரங்கள்தான் தரைதட்டும் இடங்களும். கடலிலிருந்து வேகமாக வரும் நீர் மணலைத் தூக்கிக்கொண்டு வரும். அகன்ற நீர்வழிக்குள் நுழைந்ததும் வேகம் குறைந்து, மணலை அங்கேயே, நாம் கடக்க வேண்டிய குறுக்குப் பாதையிலேயே போட்டுவிடும். பிரவுன்ஸ் இன்லெட், நியூ ரிவர் இன்லெட், லாக்வுட்ஸ் ஃபாலி, ஷலாட் எல்லாம் இந்த ரகம். போன வருடம் ஆழமாக இருந்த பக்கம் இந்த வருடம் திட்டாகியிருக்கும். கடலோரக் காவல்படை மிதவைகளை நகர்த்திக்கொண்டே இருக்கும், உங்கள் வரைபடத்தில் அது வந்திருக்காது. கண்ணில் தெரியும் மிதவையை நம்புங்கள். இன்னொரு பழக்கம்: குறுக்கு நீரோட்டம் இருக்கும் இடத்தில் முன்னால் இருக்கும் குறியை மட்டும் பார்த்து ஓட்டினால், படகின் மூக்கு குறியை நோக்கியே இருக்கும், படகு முழுவதும் பக்கவாட்டில் வழுக்கி வழியை விட்டு வெளியேறியிருக்கும். ஒருவர் முன்னால் பார்க்கட்டும், இன்னொருவர் திரும்பி நின்று, கடந்துவந்த குறியைப் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். பின்குறி நகர்வது தெரிந்ததும் "இடப்பக்கம் இழுக்கிறது" என்று குரல் கொடுத்தால் போதும். எங்கள் படகில் இந்த வேலை என் மனைவியுடையது. அவர் கண்ணால் தப்பித்தது எத்தனை முறை என்று கணக்கே இல்லை.

கேம்ப் லஜூன் கடற்படைவீரர் முகாமில் துப்பாக்கிச்சூட்டுப் பயிற்சி நடந்தால் வழியையே மூடிவிடுவார்கள். காவல் படகு கைகாட்டும், சில மணி நேரம் நிற்கணும். முகாமுக்குள்ளேயே இருக்கும் மைல் ஹம்மக் பே நல்ல நங்கூரத்துறை, கரையில் மட்டும் இறங்கக் கூடாது. அதற்குத் தெற்கே பாலங்கள். ரைட்ஸ்வில் பீச் பாலம் மணிக்கு ஒருமுறைதான் திறக்கும். அதை விட்டால் நீரோட்டத்தில் படகைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் வட்டமடிக்கணும். அதற்கு முன்பும் நேரக்கட்டுப்பாடு உள்ள பாலங்கள் இருப்பதால், காலையிலேயே ஒன்றுக்கொன்று உள்ள தூரத்தை எழுதிவைத்து வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் போங்கள். பாலக்காரரை அழைக்க வர்ஜீனியாவிலும் வட கரோலினாவிலும் வானொலியில் 13-ஆம் அலைவரிசை; தென் கரோலினாவிலிருந்து ஃபுளோரிடா வரை 9. பாலத்தின் பெயரையும் உங்கள் படகின் பெயரையும் சொல்லி, திறந்து கொடுத்ததும் ஒரு நன்றி சொல்லுங்கள்.

பெரிய மோட்டார் படகுகள் பின்னாலிருந்து வந்து முந்தும். அவை கிளப்பும் அலை அடுப்பில் இருப்பதைக் கொட்டிவிடும். அவர் மெதுவாகக் கடக்க வேண்டுமானால் நீங்களும் வேகத்தைக் குறைக்கணும். நீங்கள் ஆறு நாட்டிலேயே போனால் அவர் உங்களைத் தாண்ட எட்டு ஒன்பது போட்டாக வேண்டும், அந்த வேகத்தில்தான் அவர் படகு மிகப் பெரிய அலையை எழுப்பும். நான்குக்கு இறக்குங்கள், கை காட்டுங்கள், இருவருக்கும் நிம்மதி.

மர்ட்டில் பீச் பகுதியில் 'ராக் பைல்' என்று சொல்கிற சில மைல்கள் மட்டும் சேறில்லாமல் பாறை. 1930-களில் பாறையை வெட்டி எடுத்த வாய்க்கால். நீர்வழியின் கடைசியாக முடிந்த பகுதிகளில் ஒன்று, 1936-இல் திறந்தது. தண்ணீர் ஏறியிருக்கும்போது ஓரப்பாறைகள் மறைந்துவிடும், வழி அகலமாக இருப்பதுபோலக் கண்ணை ஏமாற்றும். வற்றத்தில் போனால் பற்கள் எங்கே என்று தெரியும். எதிரே இழுவைப்படகு தள்ளிவரும் சரக்குத் தெப்பம் வந்தால் ஒதுங்க இடமிருக்காது. அதனால் நுழையும் முன் வானொலியில் அறிவித்துக் கேளுங்கள். இழுவைப்படகுக்காரர் 'ஒன் விசில்' என்றால் இடதுக்கு இடதாகக் கடப்போம் என்று பொருள்.

அந்தப் பாறையைத் தாண்டியதும் வாக்கமா ஆறு. ஆயிரம் மைலில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான், மறைக்க மாட்டேன். கறுத்த தண்ணீர், தண்ணீருக்குள்ளேயே நிற்கும் சைப்ரஸ் மரங்கள், கிளைகளில் தொங்கும் நரைத்த பாசி. ஆழம் கரைவரை இருக்கும். கௌ ஹவுஸ் க்ரீக், பிரின்ஸ் க்ரீக் போன்ற பக்கவாட்டு ஓடைகளில் நுழைந்து நங்கூரம் போடுங்கள். எந்தக் காற்றும் எட்டாது. இரண்டு இரவு ஒதுக்குங்கள்.

சார்ல்ஸ்டனில் மெரினா பிடியுங்கள். ஊரையும் பார்க்கணும், நங்கூரம் போடும் இடத்தில் நீரோட்டம் கடுமை. மெரினாவுக்குள் நுழையும் நேரத்தை ஓதம் நின்று திரும்பும் வேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்; இல்லாவிட்டால் நீரோட்டம் பக்கத்துப் படகின் மேல் சாத்திவிடும். கூலி அடிக்கணக்கில், ஒரு இரவுக்கு அடிக்கு இரண்டு மூன்று டாலர் பல இடங்களில் வாங்குகிறார்கள். உங்கள் 34 அடிக்கு அது நல்ல தொகை. நாங்கள் ஐந்து இரவு நங்கூரம், ஒரு இரவு மெரினா என்ற கணக்கில் போவோம். குளியல், துணி துவைப்பு, டீசல், கழிவுத்தொட்டி காலி செய்வது எல்லாம் அந்த ஒரு நாளில். சார்ல்ஸ்டனை அடுத்த எலியட் கட் குறுகல். எதிர்நீரோட்டத்தில் நுழைந்தால் எஞ்சின் முழு வேகத்திலும் படகு நகராததுபோல இருக்கும்.

இனி ஜார்ஜியா. இங்கே ஓதம் ஏழு முதல் ஒன்பது அடி. காலையில் புல்வெளியின் உச்சியோடு உச்சியாக மிதப்பீர்கள். மதியம் அதே இடத்தில் இரண்டு பக்கமும் சேற்றுச் சுவர். ஹெல் கேட், லிட்டில் மட் ரிவர், ஜெக்கில் க்ரீக் மூன்றையும் பெயரோடு குறித்துக்கொள்ளுங்கள். மூன்றையும் ஏறும் ஓதத்தில்தான் கடக்கணும்.

இதை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது லிட்டில் மட். இரண்டாவது பயணம், நவம்பர் நடு. முழு ஏற்றம் காலை ஏழு மணிக்கு. ஒன்பதுக்கு அங்கே நுழைந்தோம்; இரண்டு மணி நேரம்தானே வடிந்திருக்கிறது என்று நினைப்பு. ஆழமானி ஒன்பது காட்டியது, ஏழரை, ஆறு, ஐந்தேகால். முட்டிய சத்தமே இல்லை. எஞ்சினின் குரல் கொஞ்சம் கனத்தது, படகின் மூக்கு மெல்ல மேலே வந்தது, பின்னால் தண்ணீர் கேழ்வரகுக் கூழ் கொதிப்பதுபோலக் குமிழ்ந்தது. நின்றுவிட்டோம். பின்னோக்கி எஞ்சினை முறுக்கியபோது எஞ்சின் சூடு ஏறத் தொடங்கியது, ஏனென்றால் குளிர்விக்க உறிஞ்சும் தண்ணீரும் சேறாகிவிட்டது. எஞ்சினை அணைத்துவிட்டு, சின்ன ரப்பர் படகில் இரண்டாவது நங்கூரத்தை எடுத்துப்போய் ஆழமான பக்கத்தில் போட்டேன். ஓதம் திரும்பி ஏறும்போது படகு இன்னும் திட்டுக்குள் தள்ளப்படாமல் இருக்க இது வேண்டும். தண்ணீர் இறங்க இறங்கப் படகு சாய்ந்தது. சாயும் பக்கத்துச் சன்னல்கள், பெட்டி மூடிகள், தண்ணீர் வால்வுகள் எல்லாவற்றையும் மனைவி ஒவ்வொன்றாக மூடினார். அது மிக முக்கியம்: தண்ணீர் திரும்ப ஏறும்போது, படகு நிமிர்வதற்கு முன்பே தாழ்ந்த பக்கத்தின் திறப்புகள் வழியாக உள்ளே புகுந்துவிடும். மதியம் ஒரு மணிக்கு அடுப்பின் மேல் பாத்திரம் நிற்க முடியாத சாய்வு. சுவரில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றோம். மாலை ஐந்தேகாலுக்குக் கீல் சேற்றிலிருந்து 'ப்ளக்' என்று விடுபட்டது, நிமிர்ந்தோம். அப்போது வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. நங்கூரக் கயிற்றை இழுத்து ஆழத்துக்குப் போய் அங்கேயே இரவைக் கழித்தோம். மறுநாள் வடிகட்டியில் இரண்டு கை நிறையச் சேறு, பம்பின் ரப்பர் சக்கரம் தேய்ந்து போயிருந்தது. அந்தச் சக்கரம் குறைந்தது இரண்டு உதிரியாக வைத்திருங்கள், டீசல் வடிகட்டி நான்கு. இழுவைச் சேவைக்கான ஆண்டுச் சந்தாவையும் கட்டிவிடுங்கள். டோபோட்யூஎஸ், சீ டோ இரண்டும் இந்தக் கரை முழுக்க இருக்கின்றன. சந்தா இல்லாமல் ஒருமுறை இழுத்தாலே அதைவிடப் பல மடங்கு ஆகும்.

செயின்ட் ஆண்ட்ரூ சவுண்டில் வழி ஏறக்குறைய கடல்வாய் வரை வெளியே போய்த் திரும்பும். கிழக்குக் காற்றும் வடியும் ஓதமும் மோதும் நாளில் போகாதீர்கள். ஜார்ஜியா முழுவதையும் தவிர்க்க நினைப்பவர்கள் நல்ல வானிலை கிடைத்தால் சார்ல்ஸ்டனிலிருந்து கடலில் இறங்கி ஓர் இரவு ஓடி, செயின்ட் மேரிஸ் முகத்துவாரத்தில் நுழைவார்கள். இருவர் மட்டும் போகும் முதல் பயணத்தில் அது வேண்டாம் என்பேன். கம்பர்லாந்து தீவையும் தவற விடுவீர்கள்.

அந்தத் தீவை ஒட்டி நங்கூரம் போடுவதை வைத்தே நங்கூரக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் செசபீக்கின் ஒன்றிரண்டு அடி ஓதத்தில் பழகியவர்கள் இங்கே தவறுவார்கள். ஜார்ஜியாவில் முழு வற்றத்தில் பத்தடி ஆழம் பார்த்துப் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ராத்திரி எட்டடி ஏறும். நீர்மட்டத்திலிருந்து உங்கள் படகின் அணியம், அதாவது மூக்கின் மேல்தளம், நான்கடி. ஆக 22. அதன் ஐந்து மடங்கு, 110 அடி சங்கிலி விடணும். காற்று பலமென்றால் ஏழு மடங்கு. பத்தடிக்கு ஐம்பது விட்டு ராத்திரி இரண்டு மணிக்கு நகர்ந்தவர்களை ஒவ்வொரு பயணத்திலும் பார்க்கிறேன். நங்கூரம் தரை தொட்டதும் அவசரப்படாதீர்கள். படகு பின்னே போகப் போகச் சங்கிலியை விட்டு, ஒரு நிமிடம் நிறுத்தி, பிறகு எஞ்சினைப் பின்னோக்கி மெல்லக் கூட்டுங்கள். ஒருவர் முன்னே போய்ச் சங்கிலியில் உள்ளங்கையை வைக்கட்டும். நங்கூரம் இழுபட்டால் சங்கிலி கடகடவென்று துடிக்கும், கையில் நன்றாகத் தெரியும். பிடித்துவிட்டால் அந்தத் துடிப்பு அடங்கி, கம்பி மாதிரி விறைத்து, அசைவற்று நிற்கும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை நீரோட்டம் திரும்பும்போது படகு எதிர்ப்பக்கம் சுழலும். சுற்றிலும் அந்த வட்டத்துக்கு இடமிருக்கிறதா என்று பாருங்கள். குளிர்காற்று முனை கடக்கப்போகும் இரவில், இப்போது அடிக்கும் தென்மேற்குக் காற்றுக்கு மறைவு தேடாமல், விடியற்காலையில் திரும்பி வடமேற்கிலிருந்து அடிக்கப்போகும் காற்றுக்கு மறைவு தேடுங்கள்.

காலையில் ரப்பர் படகில் கரைக்குப் போங்கள். 1972 முதல் தேசியக் கடற்கரையாகப் பாதுகாக்கப்படும் தீவு. ஓக் மரங்களின் கீழ் மணல் பாதை, இடிந்த கார்னெகி மாளிகை, அதன் புல்வெளியில் காட்டுக்குதிரைகள். குதிரைகளுக்குக் கிட்டே போகாதீர்கள். எதிர்க்கரையில் கிங்ஸ் பே நீர்மூழ்கித் தளம். நீர்மூழ்கி வரும்போது கூடவே காவல் படகுகள் வரும். 500 கஜத்துக்குள் வேகத்தைக் குறைக்கணும், 100 கஜத்துக்குள் போகவே கூடாது, வானொலியில் சொல்வதை அப்படியே செய்யுங்கள்.

ஃபுளோரிடாவுக்குள் வந்ததும் வேலை மாறும். செயின்ட் அகஸ்டினில் நங்கூரத்துக்குப் பதில் நகராட்சியின் மூரிங் மிதவையில் (தரையோடு நிலையாகப் பிணைத்த மிதவையில்) கட்டுங்கள், அங்கே நீரோட்டத்தில் அது மேல். மட்டான்சாஸ் முகத்துவாரம் கடைசிப் பெரிய மணல் தொல்லை. டேடோனாவுக்குத் தெற்கே கடல்பசுக்களுக்காக வேகக் கட்டுப்பாடு, உங்கள் வேகத்துக்கு அது தடையே இல்லை. டைட்டஸ்வில்லில் இருக்கும்போது கேப் கனாவரலில் ராக்கெட் ஏவும் நாள் வாய்த்தால் படகிலிருந்தே பார்க்கலாம். வீரோ பீச்சில் கூட்டம் அதிகமானால் ஒரு மூரிங்கில் இரண்டு மூன்று படகுகளைச் சேர்த்துக் கட்டச் சொல்வார்கள். பக்கவாட்டு ரப்பர் மெத்தைகளைத் தொங்கவிட்டுத் தயாராகப் போங்கள். பாம் பீச்சிலிருந்து தெற்கே அடுத்தடுத்துத் திறப்புப் பாலங்கள், சிமென்ட் சுவர்களுக்கு நடுவே அலைகள் மோதித் திரும்பி வரும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்தப் பகுதியில் ஓட்டாதீர்கள்.

நிலையான பாலங்கள் பெரும்பாலும் 65 அடி உயரம். மயாமியின் வடக்கே ஜூலியா டட்டில் பாலம் மட்டும் 56. உயரமான பாய்மரங்கள் அதனால் ஃபோர்ட் லாடர்டேலிலேயே கடலுக்கு இறங்கிச் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது. உங்கள் 48 அடிக்கு வழி உண்டு. ஆனால் அந்த 48-இல் உச்சியில் இருக்கும் வானொலி ஆன்டெனாவும் காற்றுமானியும் விளக்கும் சேர்த்தியா என்று எழுதவில்லை. படகு வாங்கியபோது கொடுத்த தாளை நம்பாமல், இந்த வாரம் ஒருவர் மேலே ஏறி அளவு நாடாவைத் தொங்கவிட்டு அளந்துவிடுங்கள். எண்ணைச் சுக்கானுக்குப் பக்கத்தில் ஒட்டிய அதே காகிதத்தில் எழுதி வையுங்கள்.